எட்டு எம்எம் காய்

பிராம்ப்டன், கனடா
18 ஜனவரி 2025

ஒச்சம்மாள் அக்காவுக்கு, உன் தங்கச்சி ராக்கு எழுதுவது.

இந்தக் கவரைப் பிரிப்பாயோ, அப்படியே அடுப்பில் போடுவாயோ தெரியாது. பிரித்திருந்தால் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் அடுப்பில் போடு.

பதின்மூன்று வருசம் ஆகிவிட்டது. ஆத்தாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு, நம்ம கருப்பு கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தின் மேல் கையை அடித்து, என்னோடு உனக்கு வாய்ப்பேச்சு இல்லை என்று சத்தியம் செய்தாய். எழுத மாட்டேன், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் நாலடி தள்ளித்தான் நின்றேன், நன்றாகக் கேட்டேன். அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஐம்பது வயசு தாண்டின பொம்பளைகளை மார்பைப் படம் பிடித்துப் பார்க்க அரசாங்கமே கடுதாசி போட்டுக் கூப்பிடுகிறது. நான் போக மாட்டேன் என்றுதான் சொன்னேன். சிவரஞ்சனி விடவில்லை. அவள் இங்கே நர்சு, அவள் அம்மாவே போகாவிட்டால் கேவலமாம். போனேன். நாலாம் நாள் போன் வந்தது. இடது பக்கம் ஏதோ நிழல் தெரிகிறதாம். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

மறுபடி போனபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி. இருந்தது என்று போட்டேன். கூடப் பிறந்த பெண்கள் எத்தனை பேர்? ஒருத்தி. அவருக்கு மார்பில் கட்டி, புண் ஏதும் உண்டா? அதற்கு மூன்று கட்டம் போட்டிருந்தது. உண்டு, இல்லை, தெரியாது. நான் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டேன்.

சிவரஞ்சனி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கூடப் பொறந்தவங்களைத் தெரியாதுன்னு போடுறே?" என்றாள். அந்த வெள்ளைக்கார நர்சம்மா என் கையைத் தடவிக் கொடுத்தாள். எங்கேயோ யுத்தத்தில் அக்காவைத் தொலைத்துவிட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டாள் போல. சாரமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கக்கூசுக்குள் போய் அழுதேன்.

அதனால்தான் கேட்கிறேன். உனக்கு ஏதாவது உண்டா அக்கா? ஒரு வரி போதும்.

ராக்கு


சிலமலை
தை 22

ராக்குவுக்கு,

தபால்காரர் உன் கனடா ஸ்டாம்பைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். மருமகள் அனுசியா, "யாரு அத்தை எழுதியிருக்கா?" என்று கேட்டாள். வோட்டர் லிஸ்டுக்காரன் என்று சொன்னேன். உன்னால் இந்த வயசில் பொய் வேறு.

பரவாயில்லை என்பதற்குச் சாரமில்லை என்று எழுதியிருக்கிறாயே, அது மலையாளம். முப்பது வருசம் சாந்தம்பாறை ஏலத்தோட்டத்தில் இருந்து ஒட்டிக்கொண்டது கனடாவுக்குப் போயும் உதிரவில்லை.

நான் எதையும் மறக்கவில்லை. அந்த வருசம் ஆடி மாசம் ஏலக்காய் எடுக்கிற சீசனுக்கு ஆத்தா உன் வீட்டுக்கு மேலே ஏறினாள். நீலக் கூடை ஒன்று, அதில் ஒரு கிலோ கருப்பட்டி, இரண்டு சேலை. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, மலைப்பாதையின் பதினேழு வளைவும் இறங்கி உன் வீட்டுக்காரர் ஜீப்பு வந்து நின்றது. பின் சீட்டில் ஆத்தா பொணமாக இருந்தாள். கோட்டயத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாசம் வைத்துப் பார்த்தீர்களாம். எனக்கு ஒரு சொல் இல்லை. இருபது வருசம் கஞ்சி ஊற்றினவள் நான், கடைசித் தண்ணி ஊற்றினவள் நீ. ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல் நின்றாய். பழையதும் இருக்கிறது. எழுபத்தெட்டாம் வருசம் அல்ல, நன்றாக ஞாபகம் இருக்கிறது, எழுபத்தொன்பதில், அய்யா எனக்கு எடுத்துக் கொடுத்த மயில்நீலச் சேலையை நீ கேட்காமல் கட்டிக்கொண்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனாய். திரும்பி வரும்போது உன் உடம்பில் வேறு சேலை இருந்தது. இன்றுவரை பதில் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்கு ஒன்றும் இல்லை. இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டுக்கொள்.

உன் நிழல் என்ன ஆனது என்று எழுது. கோபம் வேறு, நிழல் வேறு.

இன்னொன்று. சிலமலையில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்காகக் கேட்கிறேன். வலது பக்கம், கக்கத்தை ஒட்டி ஒரு கட்டி. அமுக்கினால் வலி இல்லை. ஐப்பசியில் ஏழு எம்எம் சல்லடையில் நிற்கிற ஏலக்காய் அளவு இருந்தது. இப்போது எட்டு எம்எம் காய். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுகிறாள், கரையவில்லை. இப்படி இருந்தால் கெட்டதா, நல்லதா? சிவரஞ்சனியைக் கேட்டு எழுது. இந்த ஒருத்தியால் மகனிடம் சொல்ல முடியாது. சொன்னால் இருக்கிற கிணத்துக்காட்டை விற்றுத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவான். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஒச்சம்மாள்


பிராம்ப்டன்
17 பிப்ரவரி 2025

அக்கா,

இதைக் கூரியரில் போடுகிறேன். ஐந்தாறு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள்.

போடி ஏலக்காய்க் கடையில் இருபத்தாறு வருசம் உட்கார்ந்து சல்லடை போட்டுக் காய் பிரித்தவள் சிலமலையில் எத்தனை பேர்? கட்டியை எம்எம் கணக்கில் அளந்து சொல்கிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். கிணத்துக்காடு என்று பேர் வைத்த காடும் ஒன்றுதான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், அப்புறம் சிவரஞ்சனியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் உடனே உன் மகன் உக்கிரபாண்டிக்குப் போன் போடப் போனாள். நான்தான் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். "பெரியம்மாவே போகட்டும், நம்மளா இழுத்துட்டுப் போனா அவங்க வர மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறேன். மாசி முடியும் வரைதான் பொறுப்பேன். அதற்குள் நீ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காவிட்டால் உன் மகனிடம் நானே பேசுவேன். அவனோடு பேசக் கூடாது என்று எந்தச் சூடத்திலும் கை வைக்கவில்லை.

வலி இல்லாத கட்டி நல்லது என்று நினைக்காதே என்கிறாள் சிவரஞ்சனி. ஆத்தாவுக்கும் முதலில் வலி இல்லை.

இப்போது நான் சொல்லப் போவதைச் சொல்லக் கூடாது என்று என் கையிலும் ஒரு சத்தியம் இருக்கிறது. ஆத்தா வாங்கினது. அந்த ஆடி மாசம் அவள் காய் எடுக்க வரவில்லை அக்கா. வந்து மூன்றாம் நாள், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ரவிக்கையை அவிழ்த்தாள். மஞ்சள் அப்பி, துணி வைத்துக் கட்டியிருந்தாள். உள்ளே புண். உன் வீட்டில், உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு வருசம் உனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறாள். நான் கத்தினேன். என் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்தாள். "ஒச்சுகிட்டச் சொல்லிறாத. அவளுக்குத் தெரிஞ்சா கெணத்துக்காட்டை வித்துருவா. உங்கய்யாவுக்குப் புளியமரத்துக் காட்டை வித்து மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனாளே, என்ன ஆச்சு? காடும் போச்சு, ஆளும் போச்சு. எம் பேரன் சோத்துக்கு என்ன செய்வான்? இங்க மலையாளத்தான் ஆசுபத்திரியில காசு கேக்க மாட்டான்னு சொன்னாங்க, அங்க கூட்டிட்டுப் போ" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். ஆறு மாசம் முன்னால வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான். நீ கோயில் வாசலில் கேட்டபோது என் வாய்க்குள் அந்தச் சத்தியம் இருந்தது. அதனால்தான் நின்றேன்.

இன்றைக்கு அதை முறித்துவிட்டேன். நீயும் மஞ்சள் அரைப்பதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்கு எந்தச் சத்தியமும் பெரிசாகத் தெரியவில்லை.

ராக்கு


சிலமலை
மாசி 14

ராக்குவுக்கு,

படித்தேன். மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. அனுசியா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆத்தாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது நான். சேலை மடித்துக் கொடுத்தது நான். அந்த ஒரு வருசம் குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். வயசாக வயசாக வெட்கம் வருகிறது என்று நானே கேலி பேசியிருக்கிறேன். பதின்மூன்று வருசம் உன்னைத் திட்டினதில் பாதி ஆத்தாவுக்குப் போய்ச் சேர வேண்டியது. மீதி எனக்கு. உனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைக்காதே, சேலை இருக்கிறது.

வீடு வீடாக வந்து பிரசர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற சந்திரவல்லி என்ற பெண் மாசத்துக்கு ஒரு தடவை வருகிறாள். அரசாங்கத்து ஆள்தான். இன்றைக்கு அவள் வந்தபோது அனுசியா தண்ணி பிடிக்கப் போயிருந்தாள். கதவைச் சாத்தினேன். அவள் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "எத்தனை மாசமா ஆத்தா?" என்றாள். சொன்னேன். "திட்டுறதுக்கு எனக்கு வயசு பத்தாது, நாளைக்குக் காலையில ஆறரை பஸ்சுக்கு நில்லுங்க" என்றாள்.

நாளைக்குப் போகிறேன்.

உன் ஊரில் யார் காசு கட்டுகிறார்கள்? அதை விவரமாக எழுது. அரசாங்கம் என்று மொட்டையாக எழுதாதே. அரசாங்கம் என்றால் யார், எந்தக் கையால் கொடுக்கிறது, டாக்டர் யாருக்கு வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அய்யா காலத்தில் யாரும் எனக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் போனவன் திரும்ப மாட்டான் என்று ஊரில் சொன்னார்கள், நம்பினேன், காட்டை விற்றேன்.

உன் நிழல் என்ன ஆச்சு? போன கடிதத்தில் அதை எழுதாமல் ஓடிவிட்டாய்.

ஒச்சம்மாள்


பிராம்ப்டன்
12 மார்ச் 2025

அக்கா,

என் நிழல் வெறும் நிழல்தான். நீர் கோத்த ஒரு கொப்புளம், கெட்டது இல்லை, வருசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் சந்தோசம்தான் வர வேண்டும். எனக்கு உன் முகம்தான் வந்தது. உனக்கு எழுதவே கூசுகிறது.

நீ கேட்டதைச் சிவரஞ்சனியிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். இங்கே வருவதற்கு முன் அவள் இங்கிலாந்தில் நாலு வருசம் வேலை பார்த்தாள், அதனால் இரண்டும் தெரியும்.

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக் கட்டடம் அரசாங்கத்தோடது. கட்டில் அரசாங்கத்தோடது. ஆஸ்பத்திரி டாக்டர், நர்சு எல்லாருக்கும் மாசச் சம்பளம் அரசாங்கத்திலிருந்து. நம்ம ஊர்ப் பெரியாஸ்பத்திரி மாதிரித்தான், நாடு முழுக்க அதுதான். கனடாவில் அப்படி இல்லை. இங்கே டாக்டர் தனி ஆள். கடை மாதிரி வைத்திருக்கிறார், போர்டு தொங்குகிறது. ஆனால் நான் ஒரு அட்டையைக் காட்டுகிறேன், பார்க்கிறார், பில்லை அரசாங்கத்துக்கு அனுப்புகிறார். என் கையிலிருந்து ஒரு காசு கிடையாது. பணக்காரன் போனாலும் அதே அட்டை, அதே வரிசை. எல்லாரிடமும் வாங்குகிற வரியிலிருந்து ஒரே கை பில்லைக் கட்டுகிறது. சிவரஞ்சனி வீட்டுக்காரருக்குச் சம்பளத்தில் பிடிக்கிறதைப் பார்த்தால் நெஞ்சு வலி வரும், ஆனால் அந்த நெஞ்சு வலிக்கும் வைத்தியம் இலவசம்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதே. வந்த புதிதில் எனக்கென்று ஒரு டாக்டர் கிடைக்க ஒரு வருசம் ஆனது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரம்மா இடுப்பு ஆபரேசனுக்குப் பத்து மாசமாகக் காத்திருக்கிறது, தடியை ஊன்றிக்கொண்டு வந்து தினமும் ஒப்பாரி வைக்கும். பல் பிடுங்க என் காசுதான். இங்கிலாந்திலும் காத்திருக்கத்தான் வேண்டும் என்கிறாள் சிவரஞ்சனி. ஆனால் கெட்ட கட்டியோ என்று சந்தேகம் வந்தால் இரண்டு நாட்டிலும் உன்னை வரிசையில் முன்னால் இழுத்துக்கொள்வார்களாம். இதெல்லாம் இல்லாத நாடு பக்கத்திலேயே இருக்கிறது, அமெரிக்கா. அங்கே இருக்கிற அவள் சிநேகிதி, ஆம்புலன்சுக்கு என்ன பில் வருமோ என்று பயந்து, ஒடிந்த கையோடு தானே கார் ஓட்டிக்கொண்டு போனாளாம்.

எனக்கு நாடெல்லாம் வேண்டாம் அக்கா. நீ போனாயா, என்ன சொன்னார்கள்?

ராக்கு


சிலமலை
பங்குனி 12

ராக்குவுக்கு,

கெட்டதுதான்.

இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், நீ தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று. இப்போது மெதுவாகப் படி.

சந்திரவல்லி என்னை முதலில் போடிக்குக் கூட்டிப்போனாள், அங்கிருந்து தேனிப் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு. சீட்டு எழுதுகிற இடம், படம் எடுக்கிற இடம், ஊசி போடுகிற இடம் என்று மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கதை கேட்டேன், ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிச் சொன்னதை நேரில் வந்தால் சொல்கிறேன். டாக்டரம்மா சின்னப் பெண். படத்தைப் பார்த்துக்கொண்டு, "எட்டுக்குப் பதினாலு எம்எம்" என்றது. "அகலம் எட்டுன்னு நான் தையிலேயே சொன்னேன்" என்றேன். "எப்பிடிம்மா தெரியும்?" என்று கேட்டது. சல்லடை அகலத்தைத்தான் பார்க்கும், நீளத்தைப் பார்க்காது என்று விளக்கினேன். அது நர்சைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, ஸ்கேன் மிசினு வந்திருக்கு" என்று சிரித்தது.

உக்கிரபாண்டிக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு அழுகை அழுதான். உடனே போனை எடுத்து, "கெணத்துக்காட்டுக்கு ஒரு பார்ட்டி பாருங்க மாமா" என்று யாரிடமோ பேச ஆரம்பித்தான். நான் அவன் கையில் அடித்தேன். "ஆத்தா, பிரைவேட்ல பாத்தாத்தான் நம்பிக்கை" என்றான். நான் எங்கய்யாவுக்குச் சொன்ன அதே சொல், எழுத்து மாறாமல். சந்திரவல்லிதான், "அண்ணே, மொதல்ல காப்பீட்டு அட்டையை எடுங்க. காடு எங்கயும் ஓடிராது, அப்புறமா வித்துக்கலாம்" என்றாள். அட்டை எங்கே இருந்தது தெரியுமா? ஏழு வருசமாக அரிசிப் பானைக்கு அடியில், ஆட்டம் நிற்பதற்காக அண்டை கொடுத்து வைத்திருந்தேன். வந்தபோது வோட்டு அட்டை மாதிரி இன்னொன்று என்று நினைத்துவிட்டேன்.

நீ எழுதினதை என் பாசையில் போட்டுக்கொண்டேன், சரியா பார். இங்கிலாந்து பஞ்சாயத்துக் கிணறு. கிணறும் ஊருடையது, இறைக்கிறவனுக்குச் சம்பளமும் ஊர் கொடுக்கிறது. கனடாவில் கிணறு தோட்டக்காரனுடையது, நாம் குடத்தை நீட்டினால் போதும், மோட்டாருக்குக் கரண்டு பில்லை ஊர் கட்டுகிறது. இரண்டு இடத்திலும் குடம் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் தாகம் எடுத்தவன் முதலில் கிணற்றை வாங்க வேண்டும் போல. நம்ம ஊரில் இந்த மூன்றும் இருக்கிறது. பெரியாஸ்பத்திரி பஞ்சாயத்துக் கிணறு. சில தனியார் ஆஸ்பத்திரிகளில் அட்டையைக் காட்டினால் தோட்டக்காரன் கிணறு, பில்லு அரசாங்கத்துக்கு. எதுவும் தெரியாதவன் நேராகப் போய்க் கிணற்றை வாங்குகிறான். நான் வாங்கினேன் அல்லவா, புளியமரத்துக் காட்டைக் கொடுத்து.

இன்னும் எட்டு நாளில் பெரியாஸ்பத்திரியிலேயே ஆபரேசன். மார்பை எடுத்துவிடுவார்களாம். எடுக்கட்டும். உக்கிரபாண்டிக்குப் பால் கொடுத்ததோடு அதன் சோலி முடிந்தது. பரவியிருக்கிறதா இல்லையா என்பது கக்கத்தில் திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். அது ஒன்றுதான் பயம். பயம் என்று உன்னிடம்தான் எழுதுகிறேன், இவர்களிடம் சொல்லவில்லை.

நீ கூசாதே. உனக்கு வந்த நிழல் எனக்கு அனுப்பின ஆள். அது மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் மஞ்சள் அரைத்துக்கொண்டு இருப்பேன்.

ஒச்சம்மாள்


பிராம்ப்டன்
8 ஏப்ரல் 2025

அக்கா,

இதை நீ படிக்கும்போது வீட்டில் இருப்பாய்.

ஆபரேசன் அன்றைக்கு உங்களுக்குச் சாயங்காலம், எங்களுக்கு அப்போதுதான் விடிந்து காபிக்குப் பால் வைத்திருந்தேன். உக்கிரபாண்டி போன் போட்டான். படம் தெரிகிற போன். "சித்தி, ஆத்தாவை வார்டுக்குக் கொண்டாந்துட்டாங்க, பாருங்க" என்று உன் பக்கம் திருப்பினான். கண்ணை மூடிக் கிடந்தாய். தலை முடி இவ்வளவு வெளுத்துவிட்டதா என்று நினைத்தேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் சத்தியத்தை என் வாயால் கெடுக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீ பேசினாய்.

கண்ணைத் திறக்காமல், "ஏடி ராக்கு, தண்ணி கொண்டாடி" என்றாய். இரண்டு தடவை. அனுசியா, "இன்னும் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்று பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். நான் இங்கே டம்ளரில் தண்ணியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன், யாருக்குக் கொடுக்க? பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. சிவரஞ்சனி வந்து டம்ளரைக் கையிலிருந்து வாங்கி, என்னை உட்கார வைத்து, என் வாயில் ஊற்றினாள்.

ஆத்தாவுக்குக் கடைசித் தண்ணி நான் ஊற்றினேன் என்றாயே. அதையும் சொல்லிவிடுகிறேன். ஊற்றும்போது அவள், "ஒச்சு" என்றாள். என்னை நீ என்று நினைத்துத்தான் குடித்தாள்.

பரவவில்லை என்று டாக்டர் சொன்ன சேதியை உக்கிரபாண்டி நேற்றுச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவன் மறுபடி மறுபடி சொன்னான். நீ உன் கையால் எழுது. அப்போதுதான் நம்புவேன்.

ராக்கு


சிலமலை
வைகாசி 3

ராக்குவுக்கு,

என் கையால் எழுதுகிறேன். பரவவில்லை. கக்கத்தில் எடுத்துப் பார்த்த எல்லாம் சுத்தம். கரண்டு வைக்கிற கதிர் வைத்தியம் வேண்டாம், மருந்து ஏற்ற வேண்டாம், ஐந்து வருசம் தினம் ஒரு மாத்திரை. அதையும் ஆஸ்பத்திரியில் சும்மாதான் கொடுக்கிறார்கள். கிணத்துக்காட்டில் உக்கிரபாண்டி இந்த வாரம் தக்காளி நட்டிருக்கிறான். வலது கையைத் தூக்கினால் இழுக்கிறது, சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒரு எம்எம் கூட ஏறுகிறேன்.

ஆத்தா என் பேரைச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை அனுசியாவை வாசிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டேன். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது.

நான் பேசினேன் என்கிறாய். நான் பேசவில்லை. சந்தேகத்துக்குக் கோயில் பூசாரி ஒச்சப்பனிடம் போய்க் கேட்டேன். மயக்கத்தில் பேசினது பேச்சில் சேருமா, சாமி குத்தம் ஆகுமா என்று. அவர் தாடியைச் சொறிந்து யோசித்துவிட்டு, "மயக்க மருந்து குடுத்தது யாரு?" என்றார். அரசாங்கம் என்றேன். "அப்ப சத்தியத்தை மீறுனது அரசாங்கம். நீ போ ஆத்தா" என்றார். ஆகவே என் சத்தியம் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "அவ இந்த வாசல்ல வந்து நின்னு, ஆத்தாவை ஏன் சொல்லாமக் கொண்டு போனான்னு எம் முகத்தைப் பாத்துச் சொல்ற வரைக்கும்" என்றுதான் சூடத்தில் அடித்தேன். காகிதத்தில் சொன்னது வாசலில் நின்று சொன்னது ஆகாது. நீ வந்துதான் ஆக வேண்டும். ஆடிக்கு வா. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நல்ல நாள். உன் வருசாந்திரப் படத்துக்குத் தேதி இடித்தால் சொல், மாற்றி வைக்கலாம். படத்தைத் தள்ளிப் போடாதே.

சந்திரவல்லி இப்போது தெருவில் வரும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொள்கிறாள். வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிற கிழவிகளிடம் நான் பேச வேண்டுமாம். போன வாரம் ஒருத்தி, "எனக்கு ஒண்ணுமில்ல மதினி, பக்கத்துத் தெருவுல ஒருத்திக்குத்தான் என்னமோ கட்டி" என்றாள். "அந்த ஒருத்தியை நாளைக்கு ஆறரை பஸ்சுக்கு வரச் சொல்லு, நானும் வர்றேன்" என்றேன். வந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பஸ்சு முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள், குரல் சகிக்கவில்லை.

வாசலில் நீ சொல்லி முடித்ததும் நான் பேசலாம். பதின்மூன்று வருசத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று படுக்கையில் கிடந்து நிறைய யோசித்தேன். சாப்பிட்டாயா என்று கேட்கலாமா, இளைத்துவிட்டாயே என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் முடிவு செய்துவிட்டேன். பதிலை இப்போதே யோசித்துக்கொண்டு வா.

"எம் மயில்நீலச் சேலை எங்கடி?"

உன் அக்கா
ஒச்சு